பி12-க்குப் பழையதை நம்பாதீர்கள்

வைட்டமின் பி12 குறைபாட்டோடு ஒரே மாதத்தில் என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64. சுத்த சைவம். 12 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மருமகள்தான் அழைத்து வந்தார். "அத்தைக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு டாக்டர். அடுப்புல பால் வச்சதையே மறந்துடறாங்க. சட்டு சட்டுன்னு கோபம் வருது. சாப்பாடும் இறங்கல, ரெண்டு வாய் ரசம் சாதத்தோட எழுந்துடறாங்க." வயசான மறதி நோய்தான் என்று வீட்டில் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார்கள்.

உள்ளே வரும்போதே ஒரு கால் செருப்பு வாசலில் கழன்று கிடந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. நாக்கை நீட்டச் சொன்னேன். சொரசொரப்பே இல்லாமல் வழுவழுவென்று சிவந்திருந்தது. "குளிக்கும்போது முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினா தள்ளாடுதா டீச்சர்?" என்று கேட்டேன். "ஆமா டாக்டர், செவுத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் குளிக்கறேன். வீட்ல யாருக்கும் சொல்லல" என்றார். அதிர்வை வைத்து நரம்பைச் சோதிக்கும் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தேன். அதிர்வே தெரியவில்லை. முழங்காலில் வைத்தபோதுதான் தெரிந்தது.

ரத்தத்தில் பி12 அளவு 96. 200-க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறோம்.

அதைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. கைபேசியை எடுத்து யாரோ அனுப்பிய செய்தியைக் காட்டினார். "தினமும் காலையில பழையதுதான் டாக்டர். அதுல பி12 கொட்டிக் கிடக்குன்னு போட்டிருக்காங்களே?"

இந்தச் செய்தியை எத்தனை பேர் கையில் பார்த்துவிட்டேன்! பழையதின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் சின்ன வெங்காயத்தோடு அதைச் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். வயிற்றுக்கு இதமானது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் பி12-ஐத் தயாரிப்பவை சில வகை நுண்ணுயிரிகள் மட்டும்தான். அரிசி தயாரிக்காது, கீரை தயாரிக்காது, எந்தச் செடியும் தயாரிக்காது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறும் சோற்றைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வேலை தெரியாது. இட்லி மாவு பொங்குவதும் அப்படித்தான். பழையதில் தயிர் ஊற்றிக் கரைத்தால், அந்தத் தயிரில் இருக்கும் கொஞ்சம் பி12 கிடைக்கும், அவ்வளவுதான். ஸ்பைருலினா மாத்திரையை விலை கொடுத்து வாங்கிக் காட்டுகிறவர்களும் உண்டு. அதில் பெரும்பகுதி பி12 போலவே தோற்றமுள்ள வேறொரு பொருள், நம் உடம்புக்கு உதவாது.

கொஞ்சம் படித்தவர்கள் அடுத்த கேள்விக்கு வருவார்கள்: "நம்ம குடல்ல இருக்கற பாக்டீரியாவே தயாரிக்குமே?" பெருங்குடலில் தயாரிக்கின்றன, உண்மை. ஆனால் பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். பெருங்குடல் அதற்கும் கீழே இருக்கிறது. மடையைத் தாண்டிப்போன தண்ணீர் வயலில் பாயாது. சிறுகுடலிலும் சில பாக்டீரியாக்கள் இதைத் தயாரிக்க வல்லவை என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வாளர்கள் 1980-இல் வெளியிட்டது பெரிய கண்டுபிடிப்புதான். அதைப் பிடித்துக்கொண்டு 'சைவர்களுக்குக் கவலையில்லை' என்று பேசுபவர்கள், அதே வேலூரிலிருந்து 1962-இல் வந்த இன்னொரு கட்டுரையை மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"எங்க தாத்தா சைவமாவே இருந்து 90 வயசு வாழ்ந்தாரே" என்பார்கள். தாத்தா வீட்டில் மாடு இருந்தது. பால், தயிர், மோர் என்று நாள் முழுக்க உள்ளே போனது. தாத்தா மெட்ஃபார்மின் போடவில்லை. தினமும் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரையும் போடவில்லை.

இந்தக் கேஸ் மாத்திரை விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். டீச்சர் மூன்று வருடமாக அதைச் சாப்பிடுகிறார். எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டால், "மெடிக்கல்ல கேட்டு வாங்கினேன்" என்கிறார். உணவிலிருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்று அமிலம்தான் அதைப் பிரித்தெடுக்கும். அமிலத்தை வருடக்கணக்கில் அடக்கி வைத்தால் பிரிக்க ஆளில்லை. மெட்ஃபார்மின் தன் பங்குக்குக் குடலில் உறிஞ்சுவதைக் குறைக்கும். பி12 குறைந்தால் நாக்கு எரியும், பசி போகும். பசி இல்லையென்றால் நம் வீடுகளில் என்ன சொல்வோம்? "கேஸ்தான், இன்னொரு மாத்திரை போடு." நோயை வளர்க்கிற மாத்திரையையே நோய்க்கு மருந்தாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். அது நல்ல மருந்து. வருடம் ஒருமுறை பி12 பார்த்துக்கொண்டால் போதும். சர்க்கரை உள்ளவருக்குப் பாதம் மதமதப்பாக இருந்தால், சுருக் சுருக்கென்று குத்தினால், பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருந்தால், 'சுகர் நரம்பு' என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். மருத்துவர்களாகிய நாங்களும் விட்டுவிடுகிறோம். இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். ரத்தம் கெடாமலேயே நரம்பு கெட்டுப்போகும். சிறுகுடலில் காசநோய் வந்தவர்கள், அந்தப் பகுதியை அறுவை செய்து எடுத்தவர்கள், எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள், இவர்கள் கேட்காவிட்டாலும் பி12 பரிசோதனை செய்யுங்கள்.

'ரத்தம் கம்மி' என்று ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்குவதும் ஆபத்து. ரத்தம் ஏறிவிடும், முகத்தில் தெளிச்சி வரும். முதுகுத் தண்டில் சேதம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும். 'சத்து ஊசி' என்று கண்ட இடத்தில் சிவப்பு நிற பி12 ஊசியைப் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் பரிசோதனைக்கு வராதீர்கள். அளவு உச்சத்தில் இருக்கும், உண்மையான நிலைமை எங்களுக்குத் தெரியாமல் போகும். முதலில் ரத்தம் கொடுங்கள், பிறகு ஊசி.

சைவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. ஒரு நாளைக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். அரை லிட்டர் பாலோ தயிரோ உண்மையாகவே உள்ளே போனால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். காபியில் விடும் பால் கணக்கில் வராது. முட்டை சாப்பிடுபவர்கள் மஞ்சள் கருவைத் தூக்கி எறியாதீர்கள், பி12 பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி மீனிலும் ஈரலிலும் பி12 தாராளமாகவே இருக்கிறது. பாலும் வேண்டாம் என்று விட்டவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். இதில் கொள்கை பேசிப் பயனில்லை. ஈரல் பல வருடத்துக்கான இருப்பை வைத்திருப்பதால், 'விட்டு இரண்டு வருடம் ஆச்சு, நல்லாத்தானே இருக்கேன்' என்று தோன்றும். இருப்பு கரைந்துகொண்டிருக்கும் காலம் அது.

வேலூர் கட்டுரைக்கு வருகிறேன். தாய்ப்பால் மட்டுமே குடித்து வந்த கைக்குழந்தைகளைப் பற்றியது அது. தாய்மார்களுக்குப் பி12 இல்லை, பாலிலும் இல்லை. குழந்தைகள் மந்தமாகிவிட்டன. அதுவரை கற்றுக்கொண்டதையும் இழந்தன. தோல் கறுத்தது, கைகால்கள் கட்டுப்பாடில்லாமல் தாமாகவே அசைந்தன. பி12 கொடுத்ததும் தேறின. வளரும் மூளை அது. கர்ப்பமாக இருக்கும் சைவப் பெண்களே, பால் கொடுக்கும் தாய்மார்களே, இரும்புச்சத்து மாத்திரையோடு பி12 பற்றியும் உங்கள் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பை நிறுத்தினால், நின்ற தலை மறுபடி தொங்கினால், 'தானா சரியாயிடும்' என்று ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

டீச்சருக்கு ஊசி ஆரம்பித்துக் கேஸ் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தோம். இரண்டாவது வாரம் மருமகள் போனில் சொன்னார்: "அத்தை வத்தக்குழம்பு கேட்டாங்க டாக்டர்." பசியும் நாக்கும் முதலில் திரும்பும். பேச்சில் தெளிவு வரக் கொஞ்சம் நாளாகும், நரம்புக்கு மாதக்கணக்கில் ஆகும். நேற்று ஐந்தாவது மாதப் பரிசோதனைக்கு வந்தார். பழையதை விடவில்லை, கூடவே இரண்டு டம்ளர் பால் குடிக்கிறார். கணுக்காலில் ஃபோர்க்கை வைத்தேன். "லேசாத் தெரியுது" என்றார். கட்டைவிரலில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் காத்திருந்தார். அங்கே இன்னும் தெரியவில்லை.