டெக்கல் ஏன் வெள்ளி பூக்கிறது?

“1/72 அளவில் ஓர் இரவுப் போர்விமான மாதிரி செய்தேன். பளபளப்பில்லாத மேட் கறுப்பு அடித்தேன். எண்களும் சின்னங்களும் அச்சிட்ட டெக்கலை ஒட்டிய ராத்திரி பார்த்தபோது அசல் விமானத்தில் எழுதியதுபோலவே இருந்தது. காலையில் பார்த்தால் எண்களைச் சுற்றி வெள்ளி பூத்துக் கிடக்கிறது. டெக்கல் பழசா, தண்ணீர் சரியில்லையா, என் கைராசியே இப்படித்தானா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தண்ணீர்மேல் பழி இல்லை. டெக்கலின் வயசும் முதல் குற்றவாளி இல்லை. கைராசியைப் பிறகு கவனிப்போம். துப்பு கேள்விக்குள்ளேயே இருக்கிறது: ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் கெட்டது. அதாவது ஈரம் இருந்தவரை வெள்ளி இல்லை.

பிளாஸ்டிக் மாதிரி விமானம் செய்யும் இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர்களுக்கு இரண்டு வரி. கிட் பெட்டியைத் திறந்தால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பாகங்கள் ஸ்ப்ரூ என்கிற சட்டத்தோடு வரும். வெட்டி, உரசி, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். 1/72 என்றால் அசலின் 6 அடி மாதிரியில் 1 அங்குலம். ‘ஒட்டுவது’ என்கிறோமே தவிர, அந்தத் திரவப் பசை பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து, இரு பக்கத்துப் பாலிமர் சங்கிலிகளையும் ஒன்றோடொன்று பின்னவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. அது தனிக் கட்டுரைக்கான சமாசாரம். நாட்டுச் சின்னம், வரிசை எண், ‘இங்கே மிதிக்காதே’ என்பன போன்ற பொடி எழுத்துகளைத் தூரிகையால் எழுதக் கை நின்றுகொடுக்காது. அதற்குத்தான் டெக்கல்.

டெக்கல் தாளில் அடியில் உறிஞ்சும் காகிதம், அதன்மேல் தண்ணீரில் கரையும் கோந்து, அதற்கும் மேலே அரக்குபோல நிறமற்ற ஒரு மெல்லேடு. எழுத்தும் சின்னமும் அந்த ஏட்டில்தான் அச்சாகியிருக்கும். தண்ணீரில் போட்டால் கோந்து கரைந்து ஏடு நழுவும். அதை விமானத்தின்மேல் வழுக்கிவிட்டு, இடம் பார்த்து நிறுத்தி, தண்ணீரை ஒற்றி எடுக்கிறோம். எழுத்துகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும் மீதியிருக்கிற நிறமற்ற ஏடு கண்ணுக்குத் தெரியக் கூடாது. வெள்ளி பூப்பது அங்கேதான். அச்சுக்கு அடியிலும் பூக்கத்தான் செய்கிறது, மை அதை மறைத்துவிடுகிறது.

மேட் பெயிண்டை உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். பளபளப்பைக் கொல்வதற்காகவே சிலிக்கா போன்ற நுண்துகள்களைச் சேர்த்திருப்பார்கள். அவை மேற்பரப்பில் துருத்திக்கொண்டு ஒளியைக் கண்டபடி சிதறடிக்கின்றன. டெக்கல் ஏடோ மேடுகளின் தலையில் கூடாரத் துணிபோல உட்காருகிறது. பள்ளங்களில் முதலில் தண்ணீர் இருக்கும். தண்ணீர் போனதும் அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும்.

இனி பள்ளிக்கூட இயற்பியல்தான். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எல்லையில் ஒரு பங்கு திரும்பிவிடும். எவ்வளவு என்பது இரண்டின் ஒளிவிலகல் எண் வித்தியாசத்தைப் பொறுத்தது. ஏட்டுக்கும் பெயிண்டுக்கும் ஏறத்தாழ 1.5, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. நேராக விழும் ஒளிக்குக் கணக்குப் போட்டால், ஏட்டிலிருந்து தண்ணீருக்குப் போகும் எல்லையில் திரும்புவது 0.4 சதவீதத்துக்கும் குறைவு. ஏட்டிலிருந்து காற்றுக்கு என்றால் 4 சதவீதம். பதினோரு மடங்கு! காற்றிலிருந்து பெயிண்டுக்குள் இறங்கும்போது இன்னொரு 4. எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே அளவில் திரும்புவதால் நம் கண்ணுக்கு அது வெள்ளை. ஏட்டின் அடிப்பக்கம் வழவழப்பாக இருப்பதால் வெறும் வெள்ளையாக இல்லாமல் வெள்ளியாக மினுங்குகிறது. தண்ணீருக்கடியில் காற்றுக்குமிழி பாதரசத் துளிபோலத் தெரியுமே, அதற்கு நெருங்கிய உறவு இது. மஞ்சள் இறக்கையில் இந்த 4 சதவீதத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள். கறுப்புக்கு எதிரே அது ஊரைக் கூட்டும்.

நம்பிக்கை வராவிட்டால் சொரசொரப்பான பால்கண்ணாடி ஒன்றில் ஒளிபுகும் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிப் பாருங்கள். டேப் ஒட்டிய இடத்தில் மட்டும் கண்ணாடி தெளிந்து மறுபக்கம் தெரியும். டேப்பின் பசை பள்ளங்களை நிரப்பிக் காற்றை விரட்டிவிட்டது, அவ்வளவே. எனக்குத் தெரிந்து, செலவில்லாத இயற்பியல் சோதனைகளில் இதற்கு இணை கிடையாது.

இப்போது என் அவமானக் கதை. நானும் ஒரு கறுப்பு இரவுப் போர்விமானம் செய்தேன்: அமெரிக்காவின் நார்த்ராப் பி-61 பிளாக் விடோ. அசலின் இறக்கை 66 அடி, மாதிரியில் சரியாக 11 அங்குலம். வால் துடுப்புகளில் சிவப்பு எண்கள். இரவில் ஒளிந்து வேட்டையாடும் விமானம், அப்படியானால் மேட் கறுப்புதானே என்று புத்தகத்தைக்கூடப் புரட்டாமல் அடித்தேன். காலையில் சிவப்பு எண்களுக்கு நடுவே சாம்பல் பூசியதுபோல வெள்ளி.

கொடுமை என்னவென்றால் அசல் பி-61 பளபளப்பான கறுப்பு! முதலில் வந்தவை ஆலிவ் பச்சையும் சாம்பலுமாக இருந்தன. பிறகு தேடுவிளக்கு வெளிச்சத்தில் விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதித்தபோது, கண்ணில் குறைவாகப் பட்டது பளபளக்கும் கறுப்புதான் என்று தெரிந்து, 1944-ல் அதற்கு மாறினார்கள். காரணம் மேலே சொன்ன அதே இயற்பியல். வழவழப்பான பரப்பு தன்மேல் விழும் ஒளியைக் கண்ணாடிபோல ஒரே திசையில் திருப்பி அனுப்பும். அந்தத் திசையில் யாரும் நிற்காவிட்டால் விமானம் இருட்டு. மேட் பரப்போ எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாரி இறைக்கும், தரையில் அண்ணாந்து பார்ப்பவன் கண்ணுக்கும் சேர்த்து. அசலைக் காப்பாற்றிய வழவழப்பை நான் மாதிரியில் அடிக்காமல் விட்டேன். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

இன்னொன்றும் உண்டு. மாதிரியில் எல்லாம் 72-ல் ஒரு பங்காகச் சுருங்கும், ஆனால் பெயிண்டின் துகள் சுருங்காது. 5 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) மேடு என்பது அசல் அளவுக்குப் பெருக்கினால் 0.36 மில்லிமீட்டர், ஏறக்குறைய உப்புத்தாள் சொரசொரப்பு. ஒளியின் அலைநீளமும் தண்ணீரின் பரப்பு இழுவிசையும்கூட நமக்காகச் சுருங்கித் தரமாட்டா.

பரிகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: டெக்கலுக்கு முன் பளபளப்புத் தரும் கிளாஸ் (gloss) வார்னிஷ். திரவம் பள்ளங்களை நிரப்பும், பரப்பு இழுவிசை அதைச் சமன் செய்யும், காய்ந்தால் கண்ணாடித் தளம். தரைக்குப் பூசும் அக்ரிலிக் பாலிஷை வாங்கி, பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷில் ஊற்றியவர்கள் உலகெங்கும் உண்டு. வார்னிஷுக்கும் ஒளிவிலகல் எண் 1.5-க்குப் பக்கம்தான். ஏடு அதன்மேல் முழுசாகப் படிந்துவிட்டால் ஒளியைப் பொறுத்தவரை அங்கே எல்லையே இல்லை. அதன்பின் மேலே மேட் வார்னிஷ் அடித்து, ஏட்டின் விளிம்பையும் பளபளப்பு வித்தியாசத்தையும் மறைக்கலாம். பளபளப்பாக்கி மறுபடி மங்கவைப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். மேல்பக்கச் சொரசொரப்பு நிறத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்யும், ஆனால் எங்கும் ஒரே சீராக. அடிப்பக்கச் சொரசொரப்பு திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் எனக்கு உண்மையிலேயே மயக்கம் தருவது கிளாஸ் இல்லை, டெக்கலை இளக்கும் திரவமான சாஃப்டனர். மைக்ரோ சால், மிஸ்டர் மார்க் சாஃப்டர் போன்ற புட்டிகளில் வருவது. உடம்பில் வெட்டியிருக்கும் தகட்டுக் கோடுகளுக்கும் ரிவெட் புள்ளிகளுக்கும் மேலே டெக்கல் பாலம் போட்டு நிற்கும்போது, ஒரு துளியைத் தூரிகையில் தொட்டுத் தடவுங்கள். அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு ஏடு சுருக்கம் விழுந்து, நெளிந்து, கிழவன் முகம் மாதிரி ஆகிவிடும். முதல் தடவை பார்க்கிறவர் அலறிக்கொண்டு விரலை வைப்பார். வைத்தால் தொலைந்தது, ஈரக் கூழ் கையோடு வந்துவிடும். தொடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நடப்பது இது. கரைப்பான் மூலக்கூறுகள் ஏட்டின் பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றைத் தளர்த்துகின்றன. அறை வெப்பநிலையில் கண்ணாடிபோல விறைத்திருந்த பொருள் ஈரத்துணி போலத் துவள்கிறது. உள்ளே ஆள் ஏறினால் ஏடு உப்பும். உப்பினால் பரப்பு கூட வேண்டும், ஆனால் பரவ இடமில்லை. அதனால்தான் அந்த நெளிவு. பிறகு கரைப்பான் ஆவியாகும்போது ஏட்டுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் இருக்கும் திரவப் படலம் மெலிகிறது. மெலிய மெலிய, இடுக்கிலுள்ள திரவம் இரு பக்கத்தையும் சேர்த்து இழுக்கும் நுண்புழை விசை ஏறுகிறது. 1 மைக்ரான் இடைவெளியில், இரு பக்கமும் நன்றாக நனைந்திருந்தால், தூய தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். காற்று மண்டலத்தின் அழுத்தத்தைவிடக் கூடுதல்! எந்த விரலும் சமமாக அழுத்த முடியாத அழுத்து அது. துவண்டுபோன ஏட்டை அது பள்ளத்துக்குள் இழுத்துவிட, கரைப்பான் போனதும் ஏடு அதே உருவில் மறுபடி விறைத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நட்சத்திரச் சின்னத்தின் குறுக்கே தகட்டுக் கோடு கூர்மையாக ஓடும், அச்சை அல்ல, பெயிண்டைத்தான் பார்க்கிறோம் என்று தோன்றும்.

மெல்லிய டெக்கலைத் தேடி வாங்குவதற்கும் இங்கேதான் நியாயம். ஏட்டின் வளைப்பு எதிர்ப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் எதிர்ப்பு எட்டில் ஒன்று.

பரப்பு இழுவிசை என்றதும் எனக்கு ஆக்னஸ் பாக்கெல்ஸ் ஞாபகம் வரும். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில், பல்கலைக்கழகப் படி ஏறாமல், வீட்டில் பாத்திரம் கழுவும் தண்ணீரைக் கவனித்துக் கவனித்தே எண்ணெய்ப் படலங்களின் இழுவிசையை அளக்கக் கருவி செய்த பெண். 1891-ல் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதத்தை, ராலே ‘நேச்சர்’ இதழில் வெளியிடச் செய்தார். அந்தக் கருவியின் வழித்தோன்றலை வைத்து வேலை செய்த அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூருக்குப் பரப்பு வேதியியலுக்காக 1932-ல் நோபல் கிடைத்தது. “பார்த்தீர்களா, அறிவியலுக்குப் பணமே வேண்டாம்” என்று சிலர் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு இதில் தெரிவது வேறு. ஒரு தொட்டியும் தண்ணீரும் வைத்து இவ்வளவு செய்தவருக்கு ஓர் ஆய்வகமும் சம்பளமும் கொடுத்திருந்தால்? சோப்புக்குமிழி, பெயிண்ட், ஈரம் என்றால் சில்லறை விஷயம் என்று நிதிக் குழுக்கள் இன்றும் முகம் சுளிக்கின்றன. தப்பு.

கைராசிக்கு வருகிறேன். டெக்கல் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு போடுவார்கள் சிலர். அதை மந்திரம் மாதிரிச் சொல்வார்கள். மந்திரமில்லை, சோப்பு இழுவிசையைக் குறைத்து இடுக்குகளுக்குள் தண்ணீரை நுழைய வைக்கிறது. ராசியான இடுக்கி, ராசியான தூரிகை எல்லாம் இருக்கட்டும், ஒரு வீண் பிளாஸ்டிக் துண்டை எடுத்து முழுக்க மேட் கறுப்பு அடித்து, பாதிக்கு மட்டும் கிளாஸ் பூசி, ஒரே டெக்கலை இரண்டின்மேலும் படுகிறமாதிரி ஒட்டிப் பாருங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வெள்ளி, அந்தப் பக்கம் கறுப்பு. கை ஒன்றுதான்.

வாசகரின் விமானத்தைக் காப்பாற்றலாமா? பெரும்பாலும் முடியும். ஊசிமுனையால் வெள்ளி பூத்த இடங்களில் நுண்துளைகள் குத்தி, மேலே சாஃப்டனர் தடவுங்கள். துளை வழியே திரவம் தானே உள்ளே இழுபட்டுப் போகும், காற்று வெளியேறும். காயவிட்டு மறுபடி செய்யுங்கள். நான் ஐந்து தடவை செய்தேன். எல்லாம் மறைந்தது, ஒரு 8-ன் கீழ் வளையத்துக்குள் இருந்த கடுகளவு வெள்ளியைத் தவிர.

அடுத்த பி-61-ஐப் பளபளப்புக் கறுப்பிலேயே செய்தேன். மேட் வார்னிஷுக்கு வேலையே இல்லை. மேசைவிளக்கைத் தவிர மற்றதை அணைத்துவிட்டு மாதிரியைக் கையில் மெல்லத் திருப்பினால், ஒரு கோணத்தில் விளக்கின் பிம்பம் இறக்கையை விட்டு வழுக்கி விழும். அந்தக் கணத்தில் விமானம் இருட்டோடு போய்விடும். சிவப்பு எண்கள் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.