வீடு மாறுங்கள், பத்திரத்தை மட்டும் ஆறப்போடுங்கள்

என்னிடம் செட்டில்மென்ட் பத்திரம் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தார் பேருக்கு மாற்றிக்கொடுக்கும் பத்திரம்) எழுத வரும் வயதான பெண்களில் பலர், ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு மூட்டை முடிச்சோடுதான் வருகிறார்கள். கணவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கும். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் மகனுக்கு அம்மாவைத் தனியே விட்டுப்போக மனம் வராது. “எங்ககூட வந்துடும்மா” என்பார். அதே மூச்சில், “வீட்டையும் இப்பவே என் பேருக்கு மாத்திட்டா நல்லது, அடிக்கடி லீவு போட்டு வர முடியாது” என்பார். பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. ஆனால் மகனுடன் போய் இருப்பது ஒரு முடிவு, வீட்டை எழுதிக்கொடுப்பது இன்னொரு முடிவு. போன இடம் சரிப்படவில்லை என்றால் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிடலாம். பதிவான பத்திரத்தை அப்படித் திரும்பப் பெற முடியாது.

காவிரிப் பாசனப் பகுதியைச் சேர்ந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓட்டு வீடு, கொல்லையில் நாலைந்து தென்னை. எழுதிக்கொடுத்துவிட்டு மகன் வீட்டுக்குப் போனார். இரண்டு படுக்கையறை ஃபிளாட். ஒன்றில் மகனும் மருமகளும், இன்னொன்றில் பத்தாம் வகுப்பு படிக்கும் பேத்தி. இவருக்கு ஹாலில் ஒரு கட்டில். காலையில் போகும் இருவரும் இரவுதான் திரும்புவார்கள். யாரும் திட்டவில்லை, பட்டினி போடவில்லை. பேச்சுத்துணைதான் இல்லை. ஊருக்கே போய்விடலாம் என்று அவர் கேட்டபோது வீடு இல்லை. ஃபிளாட் கடனை அடைக்க அதை விற்றிருந்தார்கள். அவரிடம் கேட்கவும் இல்லை, சட்டப்படி கேட்க வேண்டியதும் இல்லை.

பத்திரத்தின் வாசகத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். “தங்கள்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்” என்று தொடங்கி, “இனி எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை, எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய மாட்டேன்” என்று முடியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கேமரா முன் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். வயல் வேலை செய்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும், கருவி சட்டென்று ஏற்காது. பின்னால் நிற்கும் மகன் அந்த விரலைப் பிடித்து அழுத்திக் கொடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த அறைக்குள் வந்த பிறகு எந்த அம்மாவும் ‘யோசிச்சு சொல்றேன்’ என்று சொன்னதில்லை. அதனால் யோசிப்பதை முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலில் வீடு யாருடையது என்று பாருங்கள். அது கணவரின் சுயசம்பாத்தியமாக இருந்து அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. கணவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. மகள்களிடம் விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்கும்போது, அதே தாளில் அம்மாவையும் கையெழுத்துப் போடச் சொல்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கையெழுத்தோடு அவருடைய பங்கும் போய்விடும்.

பிள்ளைக்குத்தான் என்று மனத்தில் முடிவாகிவிட்டால் உயில் போதுமே. இரண்டு சாட்சிகள் இருந்தால் சரி, பதிவு கட்டாயமில்லை, உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட்தான் வேண்டும் என்றால், ஆயுள்வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமையைத் தனக்கே வைத்துக்கொண்டு எழுதலாம். கூடவே, ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையையும் வெளிப்படையாகச் சேருங்கள். “பெத்த பிள்ளைகிட்ட கண்டிஷன் போடுறதா?” என்று சங்கடப்படுகிறார்கள். உங்கள் மேல் உண்மையான பாசம் உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் எந்த நஷ்டமும் இல்லை.

அந்த வரிக்குக் காரணம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் கொடுத்த சொத்தை, பிள்ளை அந்தக் கடமையை மறுத்தால் ரத்து செய்ய வழி தருகிறது. 60 வயது நிறைந்தவர்தான் மூத்த குடிமகன். நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அன்பும் பிரியமுமே மறைமுக நிபந்தனைதான் என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படி ஒவ்வொரு தீர்ப்பும் ஒவ்வொரு அழுத்தம் தரும்போது, எழுதி வைத்த நிபந்தனையை நம்புவதுதான் பாதுகாப்பு.

சட்டம் இருந்தும், முன்பு நான் சொன்ன அந்தக் காவிரிப் பகுதி அம்மா மனு கொடுக்கவில்லை. “பையன் மேல கேஸ் போட்டுட்டு ஊர்ல எப்படி சார் தலை காட்டுறது?” என்றார். என் அனுபவத்தில் பெரும்பாலான தாய்மார்களின் பதில் இதுதான். ஆகவே, பிறகு சட்டம் காப்பாற்றும் என்று நினைத்து முன்பே கைநாட்டு வைத்துவிடாதீர்கள். ஊர் வீட்டில் பாதியை வாடகைக்கு விட்டு, பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும்படி செய்யுங்கள். மீதிப் பாதியின் சாவி உங்களிடம் இருக்கட்டும். ஒரு வருடம் மகனோடோ மகளோடோ இருந்து பாருங்கள். அதன்பிறகும் எழுதிக்கொடுக்கத் தோன்றினால், பிள்ளைகள் யாரும் உடன் இல்லாமல், உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரைத் தனியாகப் பாருங்கள்.

ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள், கோட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். தாமே எழுதிக் கொடுத்தால் போதும், வழக்கறிஞர் தேவையில்லை. மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம், சட்டத்தில் அதற்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.