அரை மணிக்கு ஒரு தடவை: நாய்க்குட்டியின் சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்கிறது?

‘இரண்டரை மாத லாப்ரடார் குட்டி. வெளியே கூட்டிப்போனால் மோப்பம் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறது. உள்ளே வந்ததும் ஹாலில் மூத்திரம் போய்விடுகிறது. அரை மணிக்கு ஒரு தடவை துடைத்து மாளவில்லை. வேண்டுமென்றே செய்கிறதா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டுமென்றே செய்கிற அளவுக்கு அதன் உடம்பு இன்னும் வளரவில்லை.

பிறந்த குட்டிக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது. தாய் அதன் பின்பக்கத்தை நக்கினால்தான் போகும். நாக்கு படும் உணர்வு நரம்பு வழியாகத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகிறது. அங்கிருந்தே சிறுநீர்ப்பைக்குச் சுருங்கச் சொல்லிக் கட்டளை திரும்புகிறது. மூளைக்கு இதில் வேலையே இல்லை. வருவதைத் தாய் நக்கி விழுங்கிவிடுவதால் படுக்கை நனையாது, குட்டிகள் ஈரத்தில் விறைக்காது. பாலாகக் கொடுத்த தண்ணீரில் ஒரு பங்கும் அவளுக்குத் திரும்பிவிடுகிறது. தாயில்லாத குட்டியை வளர்ப்பவர்கள் ஒவ்வொரு முறை பால் புகட்டும்போதும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மெல்லத் தடவிவிடுவது இதனால்தான். அதைச் செய்யாமல் விட்டால் பை உப்பி, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

சுமார் மூன்று வாரத்தில் குட்டி தானே போக ஆரம்பிக்கிறது, அதுவும் படுக்கையை விட்டுத் தள்ளிப்போய். உள்ளே நரம்புப் பாதையே மாறிக்கொண்டிருக்கிறது. பை விரிவதை அதன் சுவரிலுள்ள நரம்பு முனைகள் உணர்ந்து, தண்டுவடம் வழியாக மூளைத்தண்டு வரை சேதி அனுப்புகின்றன. அங்கே ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவர் பாரிங்டன் 1920-களில் பூனைகளில் செய்த ஆய்வுகளால் தெரியவந்தது, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அது கிளம்பினால் பையின் சுவர் சுருங்கும், அதே நேரத்தில் பையின் வாயை இறுக்கியிருக்கும் தசை தளரும். இதற்கும் மேலே முன்மூளை ‘இப்போது வேண்டாம்’ என்று பிடித்து நிறுத்துகிறது. அடக்குவது என்று நாம் சொல்வது இந்தத் தடையைத்தான். குட்டியிடம் மெதுவாக முதிர்வதும் இதுதான்.

பழைய பாதை என்ன ஆனது? அது அழிவதில்லை. வளர்ந்த பூனைக்குத் தண்டுவடம் அறுந்துபோனால், தாய் நக்கினால் போகும் அந்தக் குட்டிப்பருவ அனிச்சை சில வாரங்கள் கழித்து மறுபடி தலைகாட்டுகிறது. தேவை முடிந்த பாதையை இடித்துத் தள்ளாமல், பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது உடம்பு. நரம்பியலில் இதைவிட அழகான விஷயம் குறைவு என்பேன்.

சரி, ஹாலுக்கு வருவோம். வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டினால், குட்டி தாங்கக்கூடிய அதிகபட்ச மணிநேரம் கிடைக்கும் என்பார்கள். அது படுத்துக் கிடக்கும்போது. விழித்திருந்தால் ஒரு மணி நேரம், ஓடி விளையாடினால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு 15 நிமிடத்தில், விளையாட்டு நின்றதும், ராத்திரி படுக்குமுன், நடுராத்திரி ஒரு தடவை என்று நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். நம் வெயிலுக்கு அது கொடுமை.

வெளியே போகாமல் உள்ளே வந்து போவதற்குக் காரணம், வெளியே வாசனையும் சத்தமும் அதன் கவனத்தை இழுத்துவிடுவதுதான். கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, தினமும் ஒரே இடத்தில், பேசாமல் கொஞ்சாமல் 10 நிமிடம் நில்லுங்கள். போகவில்லையென்றால் உள்ளே வந்தும் அவிழ்த்துவிட வேண்டாம். கூண்டிலோ மடியிலோ வைத்திருந்து, 10 நிமிடம் கழித்து மறுபடி கூட்டிப்போங்கள். கூண்டு என்றால் எழுந்து நிற்க, திரும்ப, படுக்க மட்டும் இடம் இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலை கக்கூஸாகிவிடும். போய் முடித்த ஓரிரு நொடிக்குள், அதே இடத்தில் தீனி கொடுங்கள். வீட்டுக்குள் வந்து பிஸ்கட் கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலி என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

பலர் கவனிக்காத இன்னொன்று, காலுக்கு அடியில் இருக்கும் தரை. எட்டு, ஒன்பது வார வயதில் எதன்மேல் மூத்திரம் போக வேண்டும் என்ற பழக்கம் ஊன்றுகிறது. டைல்ஸ் மேலேயே வளர்ந்த குட்டிக்கு டைல்ஸ்தான் கழிப்பிடம். வாங்கிய இடத்தில் எதன்மேல் விட்டிருந்தார்கள் என்று கேளுங்கள். தடுப்பூசித் தவணைகள் முடியும்வரை பார்வோ என்ற உயிர்கொல்லி வைரஸ் நோய் பயத்தால் தெருவில் விட முடியாது. அதுவரை மொட்டைமாடியிலோ பால்கனியிலோ 2 அடிக்கு 3 அடி டிரேயில் மண்ணோ புல்லோ போட்டு, அது நனைத்த செய்தித்தாளில் ஒரு துண்டை மேலே வையுங்கள். வாசனையே வழி காட்டும்.

அதே வாசனைதான் வீட்டுக்குள் எதிரி. டைல்ஸ் வழவழப்பாக இருந்தாலும் இடுக்கிலுள்ள சிமெண்ட் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஃபினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், குட்டி நக்கினால் ஆபத்தும்கூட. பிளீச்சிங் பவுடர் மூத்திரத்திலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீரால் கழுவி, பிறகு நொதி கலந்த கிளீனரை ஊற்றி 10–15 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். ஊற்றிய கையோடு துடைத்தால் காசுதான் வீண்.

வாசலில் நீலம் கலந்த தண்ணீர் பாட்டில் வைப்பவர்களுக்கு: நாய்க்கு நீலம் நன்றாகவே தெரியும், ஆனால் அதைப் பார்த்து அது ஏன் பயப்பட வேண்டும்? அதன் முகவரிப் புத்தகம் மூக்கில் இருக்கிறது. மூக்கை மூத்திரத்தில் தேய்ப்பதும் இதே ரகம். எப்போதோ செய்ததற்கும் இப்போது கிடைக்கும் தண்டனைக்கும் அது முடிச்சுப் போடாது. கற்றுக்கொள்வதெல்லாம், உங்களுக்குத் தெரியாமல் சோபாவுக்குப் பின்னால் போவதைத்தான். ஆளைக் கண்டதும் குழைந்து, பம்மி, சொட்டு விடுவது வேறு கதை. அதைத் திட்டினால் அதிகமாகும். கண்டுகொள்ளாமல் இருந்தால் பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

இத்தனையும் செய்து மாறவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள். அடிக்கடி குந்தி நாலு சொட்டு மட்டும் விடுவது, ரத்தம், ஓயாமல் நக்குவது எல்லாம் தொற்றின் அடையாளம். பெண் குட்டிகளுக்கு இது அதிகம். தூங்கும்போதும் படுக்கை நனைந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பையில் சேராமல் வேறிடத்தில் திறக்கும் பிறவிக் குறையா என்று பார்க்க வேண்டும். லாப்ரடாரிலும் இது வருவதுண்டு. போகுமுன், 24 மணி நேரத்தில் எத்தனை மில்லி தண்ணீர் குடிக்கிறது என்று அளந்து, எடையோடு குறித்துக்கொள்ளுங்கள். காலை முதல் மூத்திரத்தைச் சுத்தமான கரண்டியில் ஏந்தி மூடிபோட்ட டப்பாவில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்.