சிவப்புப் பட்டனும் செம்புக் கம்பியும்

லண்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அம்மா உள்ளாட்சிக் கவுன்சிலின் முதியோர் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். அவசரத்துக்கு என்று கழுத்தில் ஒரு சிவப்புப் பட்டன் கொடுத்திருக்கிறார்கள். இப்போது லாண்ட்லைனை எடுத்துவிட்டு இன்டர்நெட் வழியாகப் போன் தரப்போகிறார்களாம். பட்டன் வேலை செய்யுமா?"

பிரிட்டனில் சுமார் 18 லட்சம் பேர் இந்த வகைக் கருவிகளை நம்பி இருக்கிறார்கள். பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரிக்குள் மூடிவிடுவதாகத் திட்டம். அதனால் இது பலருடைய கேள்வி.

முதியவர்களுக்கு எளிய தொழில்நுட்பம் என்றதும் பெரிய எழுத்து டேப்லெட்டும் பேசும் ஸ்பீக்கரும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. என்னைக் கேட்டால், இந்தப் பட்டனை மிஞ்ச எதுவும் இல்லை. பாஸ்வேர்டு கிடையாது, மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து, கை நடுங்கக் கிடக்கும்போதும் ஒரு அழுத்தல் போதும்.

அழுத்தியதும் நடப்பது இது. பட்டனுக்குள் ஒரு குட்டி ரேடியோ இருக்கிறது. ஐரோப்பாவில் இதற்கென்றே ஒதுக்கிய, 869 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய அலைவரிசையில் அது சைகை அனுப்பும். ஹாலில் உள்ள பெட்டி அதைக் கேட்டு, தானே கண்காணிப்பு மையத்துக்குப் போன் போடும். அங்கே முதலில் எடுப்பது ஓர் இயந்திரம். அது ஒரு ஒலி எழுப்பித் தான் தயார் என்று சொல்ல, பெட்டி தன் அடையாள எண்ணை ஒலிகளாகவே சொல்லும். அந்த எண் போய்ச் சேர்ந்தால்தான் அம்மாவின் பெயர், முகவரி, உடல்நிலை, சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் ஊழியரின் திரையில் வரும். அப்புறம் ஸ்பீக்கரில் பேச்சு.

எண்ணை ஒலியாகச் சொல்லும் அந்த முறை எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் ஒன்று. 1963இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் பட்டன் போன்களுக்காகக் கொண்டுவந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு சுருதிகள். 5ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். கீழ்ச்சுருதி நான்கு, மேல்சுருதி நான்கு, ஆக மொத்தம் 16 சேர்க்கைகள். சரி, ஏன் 700, 1400 என்று முழு எண்களாக வைக்கவில்லை? காரணம் நம் குரல். குரலில் ஓர் அடிப்படை அதிர்வெண் இருக்கும், கூடவே அதன் மடங்குகளும் வரும். 150 என்றால் 300, 450, 600 என்று வரிசையாக. 700ஐயும் 1400ஐயும் ஒரு சேர்க்கையாக வைத்திருந்தால், யாராவது பேசுவதையே இயந்திரம் எண் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் எந்தச் சுருதியும் இன்னொன்றின் மடங்காக வராதபடி, இரண்டைக் கூட்டினாலோ கழித்தாலோ மூன்றாவது ஒன்று கிடைக்காதபடி, 697, 770, 852, 941, 1209, 1336, 1477, 1633 என்று தேர்ந்தெடுத்தார்கள். மனிதத் தொண்டை தற்செயலாக எளிதில் எழுப்பிவிடாத ஒலிகளைத் தேடிப் பிடித்த அந்தப் பொறியாளர்களின் பொறுமையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

இன்டர்நெட் போனில் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். அது ஒலியைப் பெரும்பாலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. ஒரு துண்டு தொலைந்தால் மறுமுனை அந்த இடைவெளியை உத்தேசமாக நிரப்பிவிடும். பேச்சில் இது காதுக்குத் தெரியாது. ஆனால் சில பத்து மில்லிவினாடியே நீடிக்கும் ஒரு சுருதியில் 20 போனால், ஓர் எண் இரண்டாக உடையலாம், அல்லது காணாமலே போகலாம். வழியில் ஒலியைச் சுருக்கும் மென்பொருள் இருந்தால் இன்னும் மோசம். மனித முகம் மட்டுமே வரையப் பழகியவரிடம் கட்டட வரைபடத்தைக் கொடுத்தது போல, குரலுக்காகச் செய்யப்பட்ட மென்பொருள் சுருதியைக் கோணலாக்கிவிடும். விழுந்தவர் பேச முடியாத நிலையில் இருந்தால் அந்த எண் ஒன்றுதான் அவர் யாரென்று சொல்லும்.

அடுத்தது மின்சாரம். பழைய செம்புக் கம்பியில் தொலைபேசி நிலையமே சுமார் 50 வோல்ட் அனுப்பியது, அங்கே பெரிய பேட்டரிகள் இருந்தன. தெருவே இருண்டாலும் போன் உயிரோடு இருக்கும். இன்டர்நெட் போனுக்குத் தேவையான ரவுட்டரோ வீட்டு மின்சாரத்தை நம்பியது. 2021 நவம்பரில் பிரிட்டனில் ஆர்வென் புயல் வீசியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது, சுமார் 4,000 வீடுகளில் ஒரு வாரத்துக்கும் மேல் வரவில்லை. பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், லாண்ட்லைனையே நம்பியிருப்பவர்களுக்குக் குறைந்தது 1 மணி நேரத்துக்கான மாற்று ஏற்பாடு வேண்டும் என்கிறது. தனியாக வாழும் எண்பது வயதுக்காரருக்கு ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு?

மாற்றத்துக்குப் பின் பட்டன் வேலை செய்யாமல் போன மோசமான சம்பவங்கள் நடந்த பிறகுதான், கருவி இயங்குவதை உறுதி செய்யாமல் யாரையும் கட்டாயமாக மாற்ற மாட்டோம் என்று 2023 டிசம்பரில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் எழுதிக் கொடுத்தன. முதியோருக்கான ரோபோ ஆய்வுகளுக்கு நிதி தருவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதல் பணம் இந்தப் பெட்டிகளை மாற்றப் போக வேண்டும்.

நல்ல புதுப் பெட்டிகள் ஏற்கெனவே கிடைக்கின்றன. அவை எண்ணைச் சுருதியாக்காமல் தகவலாகவே அனுப்பும். சிம் கார்டும் பேட்டரியும் உள்ளேயே இருக்கும். மையத்தோடு அவ்வப்போது தாமாகவே தொடர்புகொள்ளும். தொடர்பு நின்றால், யாரும் விழுவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.

ஆகவே வாசகர் முதலில் போன் நிறுவனத்திடம் அம்மாவுக்கு அவசரப் பட்டன் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பெட்டி புது இணைப்புக்கு ஏற்றதா, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கவுன்சிலிடம் கேட்க வேண்டும். இணைப்பு மாறிய அன்றே அம்மாவைப் பட்டனை அழுத்தச் சொல்லி, மையத்தில் எடுப்பவர் திரையில் அவர் பெயர் வருகிறதா என்று கேளுங்கள். குளியலறையில், அவசரத்துக்கு இழுத்து உதவி கேட்கும் சிவப்புக் கயிறு இருந்தால், துடைக்கும்போது இடைஞ்சல் என்று யாராவது மேலே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது தரை வரை தொங்க வேண்டும்.