நெஃபனாலிசிஸ்: முகிற்பகுப்பாய்வு

பழைய வானிலை நூல்களில் 'நெஃபனாலிசிஸ்' என்றொரு சொல் வரும். கிரேக்கத்தில் நெஃபோஸ் என்றால் மேகம். லத்தீன் நெபுலாவும் வடமொழி நபஸும் அதற்குச் சொந்தக்காரர்கள். அனாலிசிஸ் என்பதற்கு அவிழ்த்துப் பிரித்தல் என்பதே மூலப்பொருள். எந்த வகை முகில், எவ்வளவு, எதுவரை பரவியிருக்கிறது என்று வரைபடத்தில் பிரித்துக் குறிப்பதுதான் இந்த வேலை.

1960 ஏப்ரல் 1 அன்று அமெரிக்கா டைரோஸ்-1 செயற்கைக்கோளை ஏவிய பிறகு இந்தச் சொல்லுக்கு மவுசு கூடியது. வந்த படங்களைப் பார்த்து முகில் எல்லைகளைக் கையால் வரைந்து வானிலை நிலையங்களுக்கு அனுப்பினார்கள்.

முகிலின் நகர்வைப் பார்த்துக் காற்றின் வேகத்தையும் கணிக்கலாம். சரி, முகிலில் காற்றை எப்படிப் படிப்பது? அதற்கு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் கண் வேண்டும். 1966 டிசம்பரில் ஏவப்பட்ட ஏடிஎஸ்-1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் அதைத் தந்தது. அதன் கேமராவை உருவாக்கியவர்களில் அமெரிக்க வானிலை அறிஞர் வெர்னர் சுவோமி முக்கியமானவர். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரு முகில் துணுக்கு 15 நிமிடத்தில் 9 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால், அங்கே காற்றின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர்.

தாழ்நிலைக் காற்றுக்குக் கடல்மேல் போகும் சின்னத் திரள்முகில்கள்தான் தோது. உயரத்தை அகச்சிவப்புப் படம் சொல்லும்: குளிர்ந்திருந்தால் உயரம், வெதுவெதுப்பாக இருந்தால் தாழ்வு. ஆனால் தாழ்முகிலின் வெப்பம் கடல்பரப்பின் வெப்பத்தை ஒட்டியே இருப்பதால், இரவில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்து குழப்பும். மேலே உயர்முகில் மூடியிருந்தால் பகலிலும் கஷ்டம்தான். எல்லா முகிலும் காற்றோடு போவதும் இல்லை. மலைக்குமேல் உருவாகும், லென்ஸ் வடிவ வில்லை முகில் அசையாமல் நிற்கும்; பலத்த காற்று அதனூடே பாய்ந்துகொண்டிருக்கும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் காற்றே இல்லை என்று விடை வரும்!

தமிழில் 'மேகப் பகுப்பாய்வு' என்றாலும் பொருள் கிடைக்கும். ஆனால் மேகக் கணிமை (கிளவுட் கம்ப்யூட்டிங்) பரவிவிட்ட காலத்தில் அது கணினிச் சங்கதியாகத் தோன்றிவிடும். அதனால் முகிற்பகுப்பாய்வு என்பதே என் தேர்வு. முகிலின் நகர்விலிருந்து கணித்த காற்றை 'முகில்வழிக் காற்று' எனலாம். 'கொண்டல்' என்ற பழஞ்சொல் மேகத்தையும் குறிக்கும், காற்றையும் குறிக்கும், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு மட்டும் உரிய பெயர், மற்ற திசைக் காற்றுக்கு ஒட்டாது.