முளைக்காத வித்து இறந்துவிட்டதாகாது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஸ்வாப்களை (பரப்புகளைத் துடைத்தெடுத்த பஞ்சுக் குச்சிகள்) வளர்ப்புத் தட்டுகளில் தேய்த்து 37 டிகிரியில் 48 மணி நேரம் வைத்திருந்தும் ஒரு பாக்டீரியாக் காலனிகூடத் தோன்றவில்லை. "வளர்ச்சி இல்லை" என்று எழுதிக் கையொப்பமிடும் நேரத்தில், ஒரு ஸ்வாபின் பஞ்சு குவாட்டர்னரி அமோனியம் கிருமிநாசினியில் ஊறி நுரைத்திருந்ததைக் கவனித்தேன். அந்தக் கிருமிநாசினியின் வீரியத்தை முறிக்கும் லெசித்தினும் ட்வீன் 80-உம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் அதையே மறுபடி தேய்த்து வைத்தோம். மறுநாள் காலை, தேய்த்த கண்ணாடியைப் போல் மங்கலான, பேசிலஸ் என்ற வித்து உண்டாக்கும் பாக்டீரியாவின் காலனிகள் தட்டில் படர்ந்திருந்தன.

ஸ்போர் எனப்படும் பாக்டீரியா வித்து, நீர் வற்றிய மையத்தில் கால்சியம் டைபிகோலினேட் என்ற உப்பைச் செறிவாகத் தேக்கிக்கொண்டு, பல அடுக்கு உறைகளுக்குள் உறங்குகிறது. எல்-அலனின் போன்ற சத்துப்பொருள் அதன் உள்சவ்விலுள்ள ஏற்பிகளில் பட்டதும் டைபிகோலினேட் வெளியேற, நீர் உட்புக, வித்து முளைக்கத் தொடங்குகிறது. அதோடு அதன் தாங்குதிறனும் போய்விடுகிறது. ஃபினாலும் ஆல்கஹாலும் இந்த முளைத்தலையே தடுக்கின்றன. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியும் குவாட்டர்னரி அமோனியம் சேர்மங்களும் முளைக்க விட்டு, அதன் பிறகான வளர்ச்சியைத் தடுக்கின்றன. இரண்டுமே தற்காலிகத் தடைதான். மருந்தைக் கழுவிவிட்டாலோ முறித்துவிட்டாலோ உறங்கிக் கிடந்த வித்து மீண்டும் எழும்.

இந்த ஏமாற்றம் புதிதன்று. மெர்க்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்பு ஆந்த்ராக்ஸ் வித்துகளைக் கொல்வதாக ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் ராபர்ட் காக் 1881-இல் எழுதினார். 1889-இல் கெப்பர்ட் என்ற ஆய்வாளர், வித்துகளில் ஒட்டியிருந்த பாதரசத்தை அம்மோனியம் சல்ஃபைடால் முறித்துவிட்டு வளர்த்துப் பார்த்தபோது அவற்றில் பல உயிரோடிருந்தன. ராபர்ட் காக் போன்றவரையே ஏமாற்றியது நம்மை ஏமாற்றுவதில் வியப்பென்ன?

மருத்துவக் கருவிகளை ஊறவைக்கும் கிருமிநாசினியான குளுட்டரால்டிஹைடைப் பொறுத்தவரை எல்லாம் அளவிலும் நேரத்திலும் இருக்கிறது. மிகக் குறைந்த செறிவில் அது முளைத்தலைத் தடுப்பதோடு நின்றுவிடும். காரத்தன்மையூட்டிய 2 சதவீதக் கரைசல் வித்துகளைக் கொல்லும், ஆனால் அதற்குப் பல மணி நேரம் வேண்டும். கருவிகளை இருபது நிமிடம் ஊறவைத்து எடுத்துவிட்டு "ஸ்டெரைல்" (எந்த நுண்ணுயிரும் இல்லாதது) என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. குளோரினும் பெராசிட்டிக் அமிலமும் உண்மையிலேயே கொல்பவை. ஆயினும் இரத்தமும் அழுக்கும் படிந்த பரப்பில் குளோரின் முதலில் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும்.

கடைசியாக எந்தக் கிருமிநாசினியால், எப்போது துடைத்தார்கள் என்ற இரண்டு கேள்விகளை இப்போது மாதிரிச் சீட்டில் சேர்த்திருக்கிறோம். பல சீட்டுகளில் அந்த இடம் இன்னும் காலியாகவே வருகிறது.