வரி ஓரிடத்தில், வைத்தியம் வேறிடத்தில்

பெரிய வரிகளை வசூலிக்கத் தோதான இடமும் நோயாளிகளைக் கவனிக்கத் தோதான இடமும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு மாகாணம் வருமான வரியையோ நிறுவன வரியையோ கூட்டினால் நிறுவனங்களும் செல்வந்தர்களும் பக்கத்து மாகாணத்துக்குப் போய்விடலாம். எனவே பெரும்பாலான நாடுகளில் இந்த வரிகளின் பெரும்பகுதி தேசிய அரசின் கைக்குப் போகிறது. மாரடைப்பு வந்தவரைத் தலைநகருக்கு அனுப்பிவைக்க முடியாது. எனவே மருத்துவமனைகளை நடத்தும் பொறுப்பு மாநிலம், மாகாணம், மண்டலம் என்று பல பெயர்களில் வழங்கும் கீழ்நிலை அரசுகளிடம் இருக்கிறது. சுவீடன் இதற்கு ஒரு விலக்கு. அங்கே 21 மண்டலங்களும் தாமே வருமான வரி விதித்து மருத்துவச் செலவின் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்கின்றன. மற்ற இடங்களில் பணம் மேலிருந்து கீழே வந்தாக வேண்டும்.

எத்தனை கோடி வருகிறது என்பதுதான் செய்திகளில் இடம்பெறும். ஆனால் எதிர்பாராமல் செலவு ஏறும்போது அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே முக்கியமான கேள்வி என்று நான் கருதுகிறேன். அதற்கான விடை, தொகையைக் கணக்கிடும் விதிக்குள் ஒளிந்திருக்கிறது.

கனடா 1957-இல் இயற்றிய மருத்துவமனைக் காப்பீட்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். செலவில் பாதியை மத்திய அரசு ஏற்கும் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும் விதி அவ்வளவு நேரானது அல்ல. நாடு முழுவதற்குமான தலா மருத்துவமனைச் செலவின் சராசரியில் 25 விழுக்காடு, அந்த மாகாணத்தின் சொந்தத் தலாச் செலவில் 25 விழுக்காடு, இரண்டையும் கூட்டி மக்கள்தொகையால் பெருக்கியதே மானியம். சராசரியாகச் செலவழிக்கும் மாகாணத்துக்குப் பாதி கிடைத்தது. குறைவாகச் செலவழித்த ஏழை மாகாணத்துக்குப் பாதிக்கு மேல் கிடைத்தது. ஒரு சிறு மாகாணம் தன் செலவைக் கூடுதலாக ஒரு டாலர் உயர்த்தினால் அதில் 25 காசுக்குச் சற்று அதிகம்தான் திரும்பி வந்தது. மீதியை அது தானே சுமக்க வேண்டியிருந்தது. செலவழிக்க ஊக்கம், அதே நேரத்தில் ஒரு கடிவாளம் என்று இரண்டும் ஒரே சூத்திரத்தில் அமைந்திருந்தன. கோளாறு வேறிடத்தில் இருந்தது. காசநோய் மருத்துவமனைகள், மனநல மருத்துவமனைகள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள் ஆகியவை இந்தப் பங்கீட்டுக்கு வெளியே விடப்பட்டன. வீட்டிலோ இல்லத்திலோ மலிவாகப் பராமரிக்கக்கூடிய முதியவரை, மானியம் உண்டு என்பதற்காகவே செலவு மிகுந்த பொது மருத்துவமனைப் படுக்கையில் வைத்திருப்பது மாகாண நிதி அமைச்சருக்கு லாபமாகிவிட்டது.

1977-இல் கனடா இந்த முறையைக் கைவிட்டது. அதன்பின் மானியம் மாகாணத்தின் செலவைப் பின்தொடரவில்லை; மக்கள்தொகையையும் நாட்டின் பொருளாதார வளர்ச்சியையும் ஒட்டி வளரும் மொத்தத் தொகையாக மாறியது. அதில் ஒரு பகுதி ரொக்கம். இன்னொரு பகுதி வரி இடமாற்றம்: மத்திய அரசு தன் வருமான வரியைக் குறைத்துக்கொள்ள, அதே அளவுக்கு மாகாணங்கள் தங்கள் வரியை உயர்த்திக்கொண்டன, மக்கள் கட்டிய மொத்த வரி மாறவில்லை. எதில் செலவழிப்பது என்ற சுதந்திரம் மாகாணங்களுக்குக் கிடைத்தது. செலவு வேகமாக ஏறினால் அதைச் சமாளிக்கும் பொறுப்பும் கூடவே வந்து சேர்ந்தது. அன்று கைமாறிய வரியை மத்திய அரசின் பங்காக இன்றும் கணக்கில் காட்டலாமா என்ற சண்டை அரை நூற்றாண்டாக ஓயவில்லை. காட்டலாம் என்கிறது மத்திய அரசு இருக்கும் ஒட்டாவா. அது எங்கள் வரி என்கின்றன மாகாணங்கள்.

மொத்தத் தொகை என்று முடிவான பிறகு அதை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி எழுகிறது. தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது எளிது. ஆனால் முதியவர்கள் மிகுந்த பகுதிக்கும் இளைஞர்கள் மிகுந்த பகுதிக்கும் ஒரே தொகை போதாது. இங்கிலாந்தில் 1948-இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது, ஏற்கெனவே இருந்த மருத்துவமனைகள் அப்படியே அதன் கைக்கு வந்தன. சென்ற ஆண்டு கொடுத்ததோடு கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டதால், மருத்துவமனைகள் குவிந்திருந்த லண்டன் சுற்றுவட்டாரத்துக்கே தொடர்ந்து அதிகம் போனது. 1976-இல் ஒரு பணிக்குழு இதை மாற்ற ஒரு சூத்திரம் தந்தது. அதன்படி 14 மண்டலங்களின் மக்கள்தொகையும் வயது, பாலினம் ஆகியவற்றுக்கு ஏற்ப எடையிடப்பட்டது; அதாவது, அதிகம் சிகிச்சை தேவைப்படும் பிரிவினர் கூடுதலாக எண்ணப்பட்டார்கள். பிறகு அந்த மக்கள் எண்ணிக்கை, வயது வேறுபாட்டை நீக்கிக் கணக்கிட்ட இறப்பு விகிதத்தால் பெருக்கப்பட்டது. எளிமையாகச் சொன்னால், தேசிய சராசரியைவிட 10 விழுக்காடு கூடுதலாக மரணம் நிகழும் பத்து லட்சம் பேர் கொண்ட மண்டலம், பதினொரு லட்சம் பேர் கொண்டதாகக் கருதப்படும்.

நோயை அளக்க மரணத்தை ஏன் பயன்படுத்த வேண்டும்? மூட்டுவலியால் யாரும் இறப்பதில்லை. மனநோயாளிகளும் இந்தக் கணக்கில் அதிகம் தென்படமாட்டார்கள். ஆனாலும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டிருந்தால் பழைய அநீதியே புதிய சூத்திரத்தின் வழியாகத் திரும்பி வந்திருக்கும். படுக்கை உள்ள இடத்தில்தான் நோயாளி சேர்க்கப்படுகிறார். அமெரிக்க ஆய்வாளர் மில்டன் ரோமர் சுட்டிக்காட்டியபடி, காப்பீடு உள்ள சமூகத்தில் போட்ட படுக்கை நிரம்பாமல் இருப்பதில்லை. படுக்கையே இல்லாத பகுதியில் நோய் இருந்தும் சேர்க்கை இருக்காது. மரணமோ மருத்துவமனை இருக்கிறதா என்று பார்த்து வருவதில்லை; அது பதிவேட்டிலும் தவறாமல் ஏறிவிடுகிறது. ஒரு மண்டலம் தன் செயலால் எளிதில் கூட்டிக் காட்ட முடியாத எண்ணே நல்ல அளவுகோல் என்ற பாடம், பின்னர் வந்த சூத்திரங்களிலும் தொடர்கிறது.

தேவையைப் போலவே வசதியையும் அளக்கலாம். அமெரிக்காவில் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை மாநிலங்கள் நடத்துகின்றன; செலவில் மத்திய அரசின் பங்கு மாநிலத்தின் தலா வருமானத்தைப் பொறுத்தது. மாநில வருமானத்தைத் தேசிய வருமானத்தால் வகுத்து, வந்ததை வர்க்கம் செய்து, 0.45-ஆல் பெருக்கி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். சராசரி மாநிலத்துக்கு 55 விழுக்காடு வரும். சராசரியைவிட 20 விழுக்காடு ஏழ்மையான மாநிலத்துக்கு ஏறத்தாழ 71. அதே அளவு செல்வம் மிகுந்த மாநிலத்துக்கு 35 வர வேண்டும். ஆனால் 50-க்குக் கீழே போகக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. எந்தச் சூத்திரமும் நாடாளுமன்றத்தைக் கடக்கும்போது இப்படி ஒரு தழும்பைப் பெறுகிறது. இந்தியாவின் தேசிய சுகாதார இயக்கத்தில் மத்திய, மாநிலப் பங்குகளின் விகிதம் இன்னும் தடித்தது: வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10, மற்றவற்றுக்குப் பொதுவாக 60:40. பீகாருக்கும் மகாராஷ்டிரத்துக்கும் இதில் வேறுபாடு இல்லை. அந்த வேறுபாட்டைக் கவனிக்கும் வேலை நிதிக்குழுவின் வரிப் பகிர்வுக்கு விடப்பட்டிருக்கிறது.

ஆஸ்திரேலியா 2011-இல் செய்துகொண்ட உடன்படிக்கை, மாநிலங்களுக்கு அவை செய்யும் சிகிச்சையைக் கணக்கிட்டுப் பணம் தருகிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஓர் எடை உண்டு: இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு ஒன்றைவிடப் பல மடங்கு, வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவதற்கு ஒன்றில் ஒரு சிறு பின்னம். எடை ஒன்றுக்கு இவ்வளவு என்ற விலையை, அரசிடமிருந்து விலகி நிற்கும் ஓர் ஆணையம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு கூடும் சிகிச்சைச் செலவில் 45 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்பது என்று ஏற்பாடாயிற்று. அறிவித்த விலையைவிடக் குறைந்த செலவில் சிகிச்சை அளித்தால் மிச்சம் மாநிலத்துக்கு. விலையை மிஞ்சினால் அதிகப்படி முழுவதும் மாநிலத்தின் கணக்கில். ஆனால் இந்தக் கணக்கு கிராமப்புறச் சிறு மருத்துவமனையில் பொருந்துவதில்லை. இரவில் யாரும் வராவிட்டாலும் அங்கே ஒரு செவிலியர் விழித்திருக்க வேண்டும். சும்மா காத்திருப்பதற்குச் சிகிச்சை எடை கிடையாது. எனவே அத்தகைய மருத்துவமனைகளுக்கு மட்டும் நிலையான தொகை தரப்படுகிறது. சிகிச்சையைக் கூட்டக் கூட்டப் பணம் கூடும் என்பதால், தன் பங்கு ஆண்டுக்கு 6.5 விழுக்காட்டுக்கு மேல் வளரக் கூடாது என்று மத்திய அரசு பின்னர் ஒரு வரம்பும் வைத்துக்கொண்டது. அந்த வரம்பைத் தாண்டியதும், கனடாவின் மொத்தத் தொகையைப் போலவே, செலவு ஏறும் ஆபத்து மறுபடியும் மாநிலத்திடம் போய்விடுகிறது.

பணத்தோடு நிபந்தனை வருமா என்பது தனிக் கதை. இங்கிலாந்தில் சுகாதாரச் செலவு கூடும்போது, 1970-களின் இறுதியிலிருந்து நடைமுறையில் உள்ள பார்னெட் சூத்திரம் என்ற பிரிட்டனின் நிதிப் பங்கீட்டு விதிப்படி, ஸ்காட்லாந்துக்கும் மக்கள்தொகை அடிப்படையில் கூடுதல் பணம் போகிறது. அதைப் பள்ளிக்கோ சாலைக்கோ செலவழித்தாலும் யாரும் தடுக்க முடியாது. கனடாவின் 1984-ஆம் ஆண்டுச் சட்டமோ, நோயாளியிடம் கூடுதல் கட்டணம் வாங்கப்பட்டால் அதே தொகையை மாகாணத்தின் மானியத்திலிருந்து டாலருக்கு டாலர் கழிக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் அந்த வழக்கத்தை ஒழித்தால் பிடித்த பணம் திரும்பக் கிடைக்கும் என்றும் அது சொன்னது. எல்லா மாகாணங்களும் ஒழித்தன.

மிகக் கடினமான சோதனை, பணம் தீர்ந்துபோகும்போது வருகிறது. இத்தாலியில் மண்டலங்கள் மருத்துவத்தில் பற்றாக்குறை வைப்பதும், ரோம் பின்னர் அதை அடைப்பதும் நெடுநாள் வழக்கமாக இருந்தது. எப்படியும் அடைப்பார்கள் என்று தெரிந்த மண்டலம் சிக்கனமாக இருக்கக் காரணமில்லை. 2007 முதல், கடன் மிகுந்த மண்டலங்கள் மீட்புத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன: இலக்குத் தவறினால் உள்ளூர் வரி தானாகவே உயரும், புதிய பணிநியமனம் நிறுத்தப்படும் என்று விதி அமைந்தது. பற்றாக்குறை சுருங்கியது, மருத்துவமனைகளில் ஆட்களும் சுருங்கினார்கள். இதனிடையே கலாப்ரியா போன்ற தெற்குப் பகுதியினர் வடக்கே லொம்பார்டியாவுக்கு ரயிலேறிச் சிகிச்சை பெறுகிறார்கள். அந்தச் சிகிச்சைக்கான தொகை அவர்களுடைய சொந்த மண்டலத்தின் பங்கிலிருந்து கழிக்கப்பட்டு வடக்கு மண்டலத்தின் கணக்கில் சேர்க்கப்படுகிறது.